ஓல் வீல் ட்றைவ் இருந்தாலும் வின்ரர் ரயர் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பனிக்காலம் தொடங்கும்போதெல்லாம் தங்கள் பத்திரிகையில் சாரதிகளுக்கான அறிவுரைப் பகுதி ஒன்று வருகிறது. நல்ல விடயம். ஆனால் அதில் பெரும்பகுதி "மெதுவாக ஓட்டுங்கள், இடைவெளி விடுங்கள், அவதானமாக இருங்கள்" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு மெதுவாக? எத்தனை மீற்றர் இடைவெளி? எதை அவதானிப்பது? ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் கராஜ் வேலை செய்பவர்களும் சாரதிப் பயிற்சி கொடுப்பவர்களுமாகிய நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் கேட்கப்படும் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம். "ஓல் வீல் ட்றைவ் வாகனம்தானே, பிறகேன் வின்ரர் ரயர்?" எஞ்சினின் இழுவையை நான்கு சில்லுக்கும் பகிர்வதுதான் ஓல் வீல் ட்றைவின் வேலை. சறுக்கும் வீதியில் நின்ற இடத்திலிருந்து புறப்படவும், ஏற்றமான ட்றைவ்வேயில் ஏறவும் அது உதவும். பிறேக் பிடிக்கும்போது எஞ்சின் இழுவைக்கு வேலையே இல்லை. பிறேக் எந்தக் காரிலும் நான்கு சில்லிலும்தான் இருக்கிறது. ஆகவே நிற்பதற்கு எவ்வளவு தூரம் எடுக்கும் என்பதை ஐம்பதாயிரம் டொலர் எஸ்யூவியிலும் பக்கத்து வீட்டுப் பழைய கொறோலாவிலும் ரயர்தான் தீர்மானிக்கிறது. ஒரு ரயர் வீதியைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஒன்றரைத் தொன் வாகனத்தை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த நாலு உள்ளங்கைகள்.

இதில் இன்னொரு பொல்லாப்பும் உண்டு. முன்சில்லு இழுக்கும் சிறிய கார், பச்சை விளக்கில் புறப்படும்போதே சில்லு வீணாகச் சுற்றி, வீதி சறுக்குகிறது என்பதைச் சாரதிக்குக் காட்டிவிடும். ஓல் வீல் ட்றைவ் அந்த எச்சரிக்கையைத் தராமல் சுகமாகப் புறப்பட்டுவிடும். 60இல் போய் அடுத்த சிவப்பு விளக்கில் பிறேக்கை மிதிக்கும்போதுதான் விடயம் தெரியவரும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் இப்படித்தான் பலர் நம்புகிறார்கள். 2011 செப்ரெம்பர் முதல் கனடாவில் தயாராகும் அல்லது இறக்குமதியாகும் புதிய பயணிகள் கார்கள் எல்லாவற்றிலும் அது கட்டாயம். கார் சுழலத் தொடங்கினால் ஏதாவது ஒரு சில்லில் மட்டும் பிறேக் பிடித்து அதை நேராக்கப் பார்க்கும். ஆனால் ரயரிடம் இருக்கும் பிடியைத்தான் அது பயன்படுத்தும். இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது.

ஓல் சீசன் ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே போகப்போக இறுகிவிடும். இறுகிய இறப்பர் வீதியின் சொரசொரப்புக்குள் பதியாமல் மேலால் வழுக்கும். வின்ரர் ரயரின் இறப்பர் கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி செய்யப்பட்டது. வீதியைத் தொடும் அதன் இறப்பர்க் கட்டைகளில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும், அவைதான் பனியையும் ஐஸையும் கவ்வுகின்றன. ஆகவே பனி கொட்டினால்தான் வின்ரர் ரயர் என்பதல்ல. காய்ந்த வீதியிலும் மைனஸ் 10இல் வித்தியாசம் இருக்கிறது. வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடையாளம் பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுக்கப்படுவது. எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால் அது கட்டை வெட்டப்பட்ட விதத்தை வைத்துக் கொடுத்த பெயர். சோதனை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஓல் வெதர் என்று விற்கப்படும் ரயர்களிலும் மலை அடையாளம் இருக்கும். இரண்டு செற் வைக்க இடமில்லாத அடுக்குமாடி வாசிகளுக்கு அது பரவாயில்லாத வழி. பாரி நகருக்கு வடக்கே வேலைக்குப் போய்வருபவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

தேய்மானம் பற்றி. ஒன்ராறியோச் சட்டப்படி ரயரின் தவாளிப்பு (கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளம்) 1.5 மி.மீ. ஆழம் இருந்தால் வாகனம் ஓடலாம். பனிக்கு அந்த எண் உதவாது. 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த ரயரைப் பனி மூடிய வீதியில் பாவிக்க வேண்டாம் என்று கனடா போக்குவரத்து அமைச்சு சொல்கிறது. புதிய வின்ரர் ரயரில் சாதாரணமாக 8, 9 மி.மீ. இருக்கும். அளக்கும் சின்னக் கருவி சில டொலருக்குக் கிடைக்கும். ஒவ்வொரு ரயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளவுங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ற் பிழை. நின்று பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது, ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பிவைத்துக் குனிந்து பார்க்கவேண்டும்.

பாவித்த வின்ரர் ரயர் மலிவாக வாங்குவது எங்கள் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. வாங்கலாம், தவறில்லை. ஆனால் தவாளிப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்த ரயர். எழுத்துவரிசை ஒரு பக்கத்தில் நாலு இலக்கமில்லாமல் குறையாக இருக்கலாம். அப்படியென்றால் மறுபக்கத்தில் முழுதாக இருக்கும், ரயரைப் புரட்டிப் பார்க்கவேண்டும். விற்பவர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கலாம். ஆறு வருடத்துக்கு மேற்பட்ட வின்ரர் ரயர் புதிதுபோலத் தெரிந்தாலும் இறப்பர் இறுகத் தொடங்கியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் புதிய ரயரின் கட்டை கொஞ்சம் உள்வாங்கும், பழையது கல்லாக நிற்கும்.

நாலும் மாற்றவேண்டும். "முன்சில்லுத்தானே இழுக்கிறது, முன்னுக்கு இரண்டு போதும்" என்று வருகிறவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதுண்டு. முன்னுக்குப் பிடி, பின்னுக்குப் பிடியில்லை என்றால், வளைவில் பிறேக்கைத் தொட்டதும் முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரப்பார்க்கும். கார் பம்பரமாகிவிடும். நாலும் ஓல் சீசனாக இருந்திருந்தால்கூட அந்தச் சுழற்சி வந்திராது.

எப்போது மாற்றுவது? பகல் வெப்பநிலை 7 பாகையை ஒட்டி வரும் நாட்களில். ரொறொன்ரோவில் அது பெரும்பாலும் ஒக்ரோபர் கடைசிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில். முதல் பனி விழுந்த அன்று எல்லாக் கராஜிலும் தொலைபேசி ஓயாது. இரண்டு கிழமைக்கு இடமிருக்காது. ஆகவே தங்கள் பனிக்கால அறிவுரைப் பகுதியை டிசெம்பரில் போடாமல் ஒக்ரோபரிலேயே போட்டால் நல்லது. வின்ரர் ரயருக்குத் தனியாக இரும்பு றிம் வாங்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் ரயரைக் கழற்றிப் பூட்டும் செலவும் இல்லை, ரயரின் விளிம்பு சேதப்படுவதும் இல்லை. மாற்றிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சில்லு நட்டுகளை அளவுதிருகி (இறுக்கத்தை அளந்து திருகும் சாவி) வைத்து மறுபடி இறுக்கவேண்டும். எங்கள் ரசீதிலும் அது அச்சிட்டிருக்கிறது. திரும்பி வருபவர்கள் குறைவு. றிம்முக்கும் அச்சுக்கும் இடையில் துரு, அழுக்கு இருந்தால் ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும், அதுதான் காரணம்.

காற்று: ஒவ்வொரு 5, 6 பாகை குறைவுக்கும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 பாகையில் 33 வைத்த ரயர் மைனஸ் 15இல் 27க்குக் கிட்ட வந்துவிடும். சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு, கார் மூன்று மணித்தியாலமாவது ஓடாமல் நின்ற பிறகு, மாதம் ஒருமுறையேனும் நிரப்புங்கள். பனிக்குக் காற்றைக் குறைத்து வைத்தால் பிடி கூடும் என்பது மணலில் ஓட்டுபவர்களின் கதை; இங்கே பொருந்தாது.

மொன்றியலில் உறவினர் உள்ளவர்கள் அடிக்கடி கேட்பது: கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம், இல்லையென்றால் 200 முதல் 300 டொலர் வரை தண்டம். ஒன்ராறியோப் பதிவுக் காரில் போய்வருபவர்களை அந்தச் சட்டம் பிடிக்காது. ஆனால் நெடுஞ்சாலை 401இல் கிங்ஸ்ரன் தாண்டிப் போகிற 540 கி.மீ. பயணத்தில் பனிக்குச் சட்டம் தெரியாது. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, அதற்குப் பதிலாக 2016 ஜனவரி 1 முதல், நாலு வின்ரர் ரயரும் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் பல இடங்களில் கிடைக்கும். கராஜ் ரசீதைக் காப்புறுதி முகவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி நிறுத்தும் தூரம். காய்ந்த வீதியில் 50 கி.மீ. வேகத்தில் பிறேக் பிடித்த இடத்திலிருந்து கார் நிற்க ஏறத்தாழ 12 மீற்றர் எடுக்கும். இறுகிய பனியில் 40 மீற்றர். ஐஸில் 100 மீற்றருக்குக் கிட்ட. அதாவது இருபது கார் நீளம். இதெல்லாம் பிறேக் மிதித்த பிறகு. ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போகிற ஒன்றரை விநாடியில் இன்னொரு 21 மீற்றர் போய்விடும். 100 கி.மீ. வேகமென்றால் காய்ந்த வீதியில் 50, இறுகிய பனியில் 150க்கு மேல், ஐஸில் 400 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. உராய்வையும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கு இது. ரயரையும் பனியின் தன்மையையும் பொறுத்துக் கூடிக் குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் நாலில் ஒன்றாகும் என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. ஐஸில் 50க்கு 100 மீற்றர் என்றால், 25க்கு 25 மீற்றர். குடியிருப்பு வீதிச் சந்தியில் 40இல் வருவதற்கும் 25இல் வருவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இடைவெளியை மீற்றரில் அளந்துகொண்டிருக்க முடியாது. முன்னால் போகிற கார் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ணத் தொடங்கி, உங்கள் கார் அதே கம்பத்துக்கு வரும்வரை எண்ணுங்கள். கோடையில் இரண்டு, மூன்று விநாடி போதும். ஈரம் உறையக்கூடிய நாளில் ஐந்து, பனி மூடிய வீதியில் எட்டு. நெடுஞ்சாலையில் அவ்வளவு இடைவெளி விட்டால் யாராவது நடுவில் புகுவார்கள். புகட்டும். மறுபடி பின்வாங்குங்கள்.

பின்னால் போய் மோதிவிட்டு "ஐஸ்தானே, நான் என்ன செய்ய?" என்று காப்புறுதிக்காரரிடம் சொல்பவர்களுக்கு ஒரு தகவல். ஒன்ராறியோவின் பிழை நிர்ணய விதிகளில், பிழை யாருடையது என்று பார்க்கும்போது காலநிலை, வீதியின் நிலை, பார்வைத் தெளிவு எதையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று எழுதியே இருக்கிறது. ஒரே பாதையில் பின்னாலிருந்து மோதியவருக்கு 100 வீதப் பிழை. பொலிஸார் கவனயீனமான ஓட்டம் என்று வழக்குப் போட்டால் 400 முதல் 2,000 டொலர் வரை தண்டமும் ஆறு புள்ளிகளும். ரயரில் மிச்சம்பிடித்த காசு இங்கே எந்த மூலைக்கும் காணாது.

பிறேக் பிடிக்கும் முறைக்கு வருவோம். ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிறேக் அமைப்பு) உள்ள காரில் அவசரத்தில் பிறேக்கை ஒரே மிதியாக ஆழ மிதித்து அப்படியே வைத்திருங்கள். மிதி காலுக்குள் படபடவென்று அதிரும், கறகற என்று சத்தம் வரும். பழுதென்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதுதான் ஏபிஎஸ் வேலை செய்கிற அடையாளம். ஏபிஎஸ் இருப்பது மிதித்தபடியே ஸ்ரியறிங்கைத் திருப்பக்கூடியதாக இருக்கத்தான்; புதுப்பனியில் தூரம் குறையாது, சில வேளை கூடும். மிதித்து மிதித்து எடுக்கும் பழைய முறை ஏபிஎஸ் இல்லாத கார்களுக்கு மட்டும். சட்டென்று வேகம் கூட்டுவது, சட்டென்று திருப்புவது, சட்டென்று பிறேக், இந்த மூன்றில் எதையும் பனியில் செய்யாதீர்கள். இரண்டைச் சேர்த்து ஒருபோதும் செய்யாதீர்கள். வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் காலை இரண்டிலும் வைக்காமல் உருளவிடுங்கள். குறூஸ் கொன்ரோலை ஈரமான, உறைந்த வீதியில் போடவே வேண்டாம். சறுக்கும்போது அது வேகத்தைத் தக்கவைக்கப் பார்க்கும்.

சறுக்கல் இரண்டு விதம். ஸ்ரியறிங்கைத் திருப்பியும் கார் நேரே போனால் முன்சில்லு சறுக்குகிறது. மனம் இன்னும் திருப்பச் சொல்லும். திருப்பாதீர்கள், அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியறிங்கைச் சற்று நேராக்குங்கள், சில்லு மறுபடி உருளத் தொடங்கும்போது பிடி திரும்பும், பிறகு மெல்லத் திருப்பலாம். பின்பக்கம் ஒரு புறம் இழுபட்டால் பின்சில்லு சறுக்குகிறது. போகவேண்டிய திசையைப் பார்த்து அந்தத் திசைக்கே ஸ்ரியறிங்கைத் திருப்புங்கள். பின்பக்கம் திரும்பி வரும்போது உடனே நேராக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் மறுபக்கம் அடித்துக்கொண்டு போகும். மோதப்போகிற கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கை அதன்பக்கம்தான் திருப்பும். இதை வாசித்துப் படிக்க முடியாது. கோடையில் ஜி2 சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து முதல் பனியைக் காணும் பிள்ளைகளும், யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பல வருடம் ஓட்டிவிட்டு வந்தவர்களும், ஆளில்லாத, கம்பமில்லாத, அனுமதி பெற்ற ஒரு வாகனத் தரிப்பிடத்தில் 20, 25 கி.மீ. வேகத்தில் பிறேக்கை ஆழ மிதித்து அந்த அதிர்வைக் காலால் ஒருமுறை உணர்ந்து பார்க்கட்டும்.

குளிர் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைப்பது முழு உண்மையல்ல. மைனஸ் 20 ஐஸைவிடப் பூச்சியத்தை ஒட்டிய ஐஸ் அதிகம் வழுக்கும், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால். பகலில் உருகி மாலையில் உறையும் நாட்கள்தான் எங்கள் கராஜுக்கு அதிக வேலை தருபவை. கறுப்பு ஐஸ் கறுப்பாகத் தெரியாது. ஈரமான தார்போலத் தெரியும். முன்னால் போகிற காரின் சில்லில் தண்ணீர் தெறிக்கிறதா என்று பாருங்கள். வீதி நனைந்திருக்கிறது, தெறிப்பு நின்றுவிட்டது என்றால் அது உறைந்துவிட்டது. ஸ்ரியறிங் திடீரென இலேசாகிப் போனாலும் அதே அர்த்தம். டாஷ்போர்ட்டில் காட்டும் வெப்பநிலை காற்றினுடையது. தெளிந்த இரவில் அது 2, 3 பாகை காட்டும்போதே வீதி உறைந்திருக்கலாம். பாலங்களுக்கும், 401இலிருந்து 404க்கு ஏறுவதுபோன்ற உயர்ந்த இணைப்புப் பாதைகளுக்கும் கீழேயிருந்தும் குளிர்காற்று அடிக்கும், நிலத்தின் சூடு கிடையாது. முதலில் உறைபவை அவை. உப்புப் போட்டிருக்கிறார்களே என்று நம்பி ஓட்டுவதற்கும் எல்லை உண்டு. மைனஸ் 10 அளவிலிருந்து உப்பின் வலு குறைந்துகொண்டு போகும். மைனஸ் 18க்குக் கீழே அது உருக்காது, மணல்தான் போடுவார்கள்.

ரொறொன்ரோக்காரர் ஏமாறும் இடம் வடக்கே பாரிக்குப் போகும் நெடுஞ்சாலை 400. ஹூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் உறையாமல் இருக்கும் மாதங்களில், வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர் காற்று அந்த நீரின் ஈரத்தையும் சூட்டையும் எடுத்துக்கொண்டு கரையேறி, ஒடுங்கிய பட்டைகளாகப் பனியைக் கொட்டும். வோனில் வெயில், பாரியில் ஒன்றும் தெரியாது; இரண்டுக்கும் இடையில் சில நூறு மீற்றருக்குள் நிலைமை மாறிவிடும். 2014 பெப்ரவரி 27 அன்று பாரி அருகே 400இல் 90க்கு மேற்பட்ட வாகனங்கள் மோதிக்கொண்டது இப்படியான ஒரு வெண்திரையில்தான் (பனியால் எதுவுமே தெரியாத நிலையில்). புறப்படுமுன் ஒன்ராறியோ வீதித் தகவல் சேவையான 511ஐ அழையுங்கள், அல்லது அதன் செயலியில் வீதி நிலையையும் பனி வழிக்கும் வண்டிகள் எங்கே என்பதையும் பாருங்கள். வெண்திரைக்குள் அகப்பட்டால் ஓடுபாதையில் நிற்காதீர்கள், ஓரத்திலும் நிற்காதீர்கள். பின்னால் வருபவர் உங்கள் விளக்கை ஓடுகிற காரின் விளக்கென்று நம்பித் தொடர்ந்து வருவார். முன்விளக்கைப் போட்டு, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி ஒரு கோப்பிக் கடையில் இருங்கள். நீல விளக்குப் போட்ட பனி வழிக்கும் வண்டிகள் பக்கம் பக்கமாகப் படியாகப் போனால் அவற்றுக்கிடையே புகவே கூடாது. பக்கத்தில் நீண்டிருக்கும் இரும்பு அலகு பனித்தூசியில் தெரியாது. வண்டிக்குப் பின்னால்தான் வீதி நல்லாக இருக்கும்.

2010 டிசெம்பரில் சார்னியாவுக்குக் கிட்ட 402இல் நூற்றுக்கணக்கான வாகனங்கள் பனிக்குள் புதைந்து, இராணுவ ஹெலிகொப்டர்கள் வந்து ஆட்களை எடுத்தன. அப்படி மாட்டினால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் பனியை வழித்துவிடவேண்டும், காற்றடிக்காத பக்க யன்னலைக் கொஞ்சம் இறக்கிவைக்கவேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, தலையிடியும் தூக்கமுமாகத்தான் தொடங்கும். வீட்டுக் கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்துக் காரைச் சூடாக்குவதும் இதே காரணத்துக்காகக் கூடாது. டிக்கியில் ஒரு சின்னச் சவள், பூஸ்ரர் வயர், போர்வை, ரோர்ச், கைபேசிச் சார்ஜர், தண்ணீர், கொறிக்க ஏதாவது இருக்கட்டும். காரின் தாங்கியில் பெற்றோல் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். பூனை மணலும் ஒரு பை வைத்திருக்கலாம்; ஆனால் நனைந்தால் கட்டிபடுகிற வகை வேண்டாம், அது சேறாகி இன்னும் வழுக்கும். புதைந்த சில்லைச் சுற்றவிடச் சுற்றவிட அடியில் ஐஸ்தான் உண்டாகும். சில்லுக்கு முன்னும் பின்னும் வழித்து, மணலைத் தூவி, ட்றக்சன் கொன்ரோலை (சில்லு வீணாகச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பை) நிறுத்திவிட்டு மெல்ல எடுங்கள்.

கண்ணாடியில் தபால் உறை அளவுக்கு ஒரு ஓட்டை சுரண்டிவிட்டுப் புறப்படுபவர்களைக் காலையில் எந்தக் குடியிருப்பிலும் காணலாம். முன், பின், பக்கக் கண்ணாடிகள் மட்டுமல்ல, கூரையும் வழிக்கவேண்டும். பிறேக் பிடித்ததும் கூரைப்பனி மொத்தமாக முன்கண்ணாடிக்கு வழுக்கி வரும். நெடுஞ்சாலையில் அது பலகையாகப் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். வைப்பர் கண்ணாடியோடு உறைந்திருக்கும்போது சுவிச்சைப் போட்டால் மோட்டார் அல்லது ஃபியூஸ் போகும். இரவில் வைப்பரை நிறுத்திய பிறகே எஞ்சினை நிறுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. கழுவும் திரவம் மைனஸ் 40 அல்லது அதற்குக் கீழே தாங்கும் வகையாக இருக்கட்டும். கோடை மிச்சத்தோடு கலந்தால் அந்த எண் செல்லாது. கண்ணாடியின் உட்பக்கம் ஈரப்புகார் படிந்தால் காற்று உள்ளே சுற்றும் பொத்தானை நிறுத்தி, ஏசியையும் போட்டுச் சூடான காற்றைக் கண்ணாடிக்கு விடுங்கள். குளிரில் ஏசியா என்று கேட்பார்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்.

2021 செப்ரெம்பருக்கு முந்திய பல கார்களில் பகல் விளக்கு முன்னுக்கு மட்டும்தான் எரியும், பின்விளக்கு எரியாது. தானியங்கி விளக்கும் பனிவெளிச்சத்தைப் பகலென்று நினைத்து எரியாமல் இருக்கும். கையால் முன்விளக்கைப் போட்டால் பின்னும் எரியும். எல்ஈடி விளக்கு சூடாகாது, அதன்மேல் படிந்த பனி தானாக உருகாது. நிற்கிற இடத்தில் துடையுங்கள்.

பற்றரி மைனஸ் 18இல் தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்துவிடும், அதே நேரம் இறுகிய எண்ணெயால் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் வலு வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ற் இருந்தால் நல்லது, 12.4க்குக் கீழே என்றால் சோதிக்கக் கொண்டுவாருங்கள். பூஸ்ரர் வயர் பூட்டும் ஒழுங்கு: சிவப்பை இறந்த பற்றரியின் பிளஸ்ஸில், மற்ற முனையை நல்ல பற்றரியின் பிளஸ்ஸில், கறுப்பை நல்லதன் மைனஸில், கடைசி முனையை இறந்த காரின் எஞ்சினில் வர்ணமில்லாத ஓர் இரும்பில். பற்றரிமேல் பூட்டினால் வரும் பொறி அதிலிருந்து கசியும் வாயுவைப் பற்றவைக்கலாம். கழற்றுவது தலைகீழ் ஒழுங்கில். பக்கம் வீங்கியிருந்தால் பற்றரி உறைந்துவிட்டது. அதற்கு வயரே பூட்டக்கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் சார்ஜில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் ஓடும் தூரம் அவ்வளவு குறையாது. ஐஸில் மீளுருவாக்கப் பிறேக்கை (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவதை) குறைந்த அளவில் வையுங்கள், காலை எடுத்ததுமே சில்லு இழுபடும்.

குழந்தை இருக்கை பற்றி ஒன்று. தடித்த குளிர்ச் சட்டையோடு குழந்தையை இருத்தி வார் இறுக்கினால், இறுக்கமாகத் தெரிவது சட்டையின் பஞ்சுதான். மோதலில் அது நசுங்க, வாருக்கும் உடம்புக்கும் இடையில் வெளி வந்துவிடும். மெல்லிய சட்டையோடு இருத்தி, தோளெலும்பின் மேல் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ளுப்படக்கூடாது. அதன்பிறகு சட்டையைத் திருப்பிக் கைகளில் மாட்டிவிடலாம், போர்வை போர்த்தலாம்.

வின்ரர் ரயரைக் கழற்றும் நாளையும் எழுதிவிடுகிறோம். வெப்பநிலை 7 பாகைக்கு மேல் நிலைக்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு. கோடை முழுக்க விட்டு ஓடினால் மெத்தென்ற இறப்பர் விரைவில் தேய்ந்துவிடும். கழற்றும்போது எந்தச் சில்லு எந்த மூலையில் இருந்தது என்று சோக்கால் எழுதுங்கள், அடுத்தமுறை முன்னதைப் பின்னுக்கு மாற்ற உதவும். உப்பைக் கழுவிக் காயவைத்து, றிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, றிம் இல்லையென்றால் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெப்ப நீர்க்கொதிகலனுக்கும் மின்மோட்டாருக்கும் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்போர், சாரதிப் பயிற்றுநர் சிலர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ